எங்கள் வீட்டில் படிப்பவர்

செப்டம்பர் 8

இதில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். இது ஆய்வகத்தில் கொடுத்த குறிப்பேடு. சோதனைகளை மட்டும் எழுத வேண்டும், தாளைக் கிழிக்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. எனக்குத் தவறுதலாக இரண்டு கொடுத்துவிட்டார்கள். ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கொடுத்தவர் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நடுவில் புகுந்து பேச எனக்கு வராது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். சும்மா கிடக்கிறதே என்று எழுதுகிறேன். எழுதும்படி பெரிதாக ஒன்றும் நடக்கவுமில்லை.

தைவானுக்கு வந்து ஒரு வாரம். ஊர் பெயர் சின்ச்சு. நாலாவது மாடியில் ஒரே அறை. சமையலறை கிடையாது. பால்கனியில் துணி காயப்போடும் இடத்தில் கரண்ட் அடுப்பை வைத்து என் வீட்டுக்காரர்தான் சமைக்கிறார். நான் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறேன். இன்றைக்குப் பருப்புக் குழம்பு. அம்மா வைப்பதைவிட நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

இங்கே குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். நாமே இறங்கிப் போய் வண்டிக்குள் போட வேண்டும். எல்லா வீட்டிலிருந்தும் வயதான பெண்கள்தான் வருகிறார்கள். அவர்கள் நடுவில் இவர் பையோடு நிற்கிறார். நல்ல உயரம் என்பதால் மாடியிலிருந்து பார்த்தாலே தெரிகிறது.

செப்டம்பர் 14

இன்றைக்கு ஞாயிறு. அவர் தன் போனில் அந்த ஃப்ளெக்ஸ் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பது தெரிந்ததும் திரையை வேறு எதற்கோ தள்ளிவிட்டார்.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அதைக் கட்டியிருந்தார்கள். ‘உயர்கல்வி பயில தைவான் செல்லும் எங்கள் அன்பு நண்பர் ஞானகுரு, பி.இ. அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.’ சிவகாசியில் அவர் சூப்பர்வைசராக வேலை பார்த்த அச்சகத்து நண்பர்கள் செய்தது. அவருக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும் கம்ப்யூட்டரிலேயே மாட்டியிருந்தார்கள். கீழ் மூலையில் நான் இருந்தேன். கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது. என் தோளில் அவர் கை மட்டும் மிச்சமிருந்தது.

இடம் கிடைத்தது எனக்கு. ஆராய்ச்சிப் படிப்புக்கு. அவர் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தார். ‘எங்களுக்குத் தைவான்ல கெடச்சிருக்கு’ என்று அவர் வீட்டில் சொன்னபோது, யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும்படி அதில் ஒன்றும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் அவர் சிரித்தார். “லூசுப் பயலுக, மாத்திப் போட்டுட்டாய்ங்க” என்று என் காதில் சொன்னார். அதற்குள் மாமா, அவருடைய அப்பா, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “இப்பச் சொன்னா அசிங்கமாப் போயிரும் மாரி. அங்க போயி மூணு மாசத்துல நானே பக்குவமாச் சொல்லிர்றேன்.”

சரி என்றேன்.

என் அப்பாவும் வந்திருந்தார். தீப்பெட்டிப் பண்டல்களை லாரியில் ஏற்றுகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். யாருக்கு இடம் கிடைத்தது என்று அவருக்குத் தெரியும். அண்ணாந்து பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை போட்டோ நல்லா விழுந்திருக்கு” என்றார்.

அக்டோபர் 5

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊரிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார்கள். அதற்கு முன் அவர் மேசையை ஒழுங்குபடுத்துகிறார். என் புத்தகங்களை அடுக்கி ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்கிறார். அவர் ஆக்கி வைத்த சோற்றை நான் தட்டில் போட்டு எடுத்துவந்து, போனில் தெரிகிற மாதிரி அவர் முன்னால் வைத்தேன். அவர் செய்யச் சொல்லவில்லை. எனக்கே தோன்றியது.

“மாரி, நேரா நேரத்துக்கு அவனுக்குக் குடுக்குறியா? படிக்கிற பிள்ளைக்கு மூளை காஞ்சு போகும்” என்றார் அத்தை.

“குடுக்குறேன் அத்தை.”

மாமாவுக்கு வேறு ஆசை. “அந்த வெள்ளைக் கோட்டப் போட்டுக் காட்டுப்பா. கடையில நாலு பேருக்குக் காமிக்கணும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கொடியிலிருந்து என் கோட்டை எடுத்துக் கொடுத்தேன். முழங்கைக்குக் கீழே கொஞ்சம்தான் எட்டியது.

“என்னடா, கை குட்டையாருக்கு?”

“இங்க எல்லாரும் குட்டையான ஆளுகப்பா. இதான் இருக்குறதுலயே பெரிய சைஸு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோட்டுப் பையின் மேல் என் பெயர் தைத்திருக்கிறது. சீன எழுத்து என்பதால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அக்டோபர் 6

கோட்டைத் துவைத்துப் போட்டேன்.

நவம்பர் 9

நான் செய்வது ஒரு பொடி. சில பொருள்களைக் கலந்து உலையில் சுட்டு எடுக்க வேண்டும். பேட்டரிக்கு ஆகும். வெள்ளையாக வர வேண்டியது எனக்கு மட்டும் பழுப்பாக வருகிறது. வாராந்திரக் கூட்டத்தில் எழுந்து நின்றால் முன்வரிசைக்குக்கூடக் கேட்காமல் பேசுகிறேன். பேராசிரியர் லின் நல்ல மனிதர். ‘இன்னும் சத்தமாக, மாரி’ என்று மட்டும் சொல்வார். அதற்குப் பிறகு வருகிற சத்தமும் போய்விடும்.

வாரக் கடைசியில் வீட்டில் இவர் எனக்குப் பேசப் பழக்கிவிடுகிறார். லின் சார் மாதிரி கட்டிலில் கால் மேல் கால் போட்டு, மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்காருவார்.

“மிஸ் மாரீஸ்வரி, ஒங்க பொடி ஏன் டீத்தூள் மாதிரி இருக்கு?”

“சார், அது...”

“டீயாவது போடலாமா?”

“ஏங்க, சும்மா இருங்க.”

“சிரிச்சா மார்க்குக் கொறைப்பேன். எந்திரிச்சு நில்லு. செவத்தப் பாத்துச் சொல்லு.”

அவர் மெக்கானிக்கல் படித்தவர். ஆனாலும் என் பாடத்தை என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார். உலையின் கதவு இறுக்கமாக மூடாமல் காற்று உள்ளே போகிறதோ என்று அவர்தான் கேட்டார். அதுதான் காரணம். இந்த வாரம் பொடி வெள்ளையாக வந்தது. கூட்டத்தில் கைதட்டினார்கள். காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று லின் சார் கேட்டார். ‘யோசித்தேன்’ என்றேன்.

டிசம்பர் 2

அவர் சொன்ன மூன்று மாதம் ஆகிவிட்டது. நான் ஞாபகப்படுத்தவில்லை.

டிசம்பர் 16

இந்த ஊர்க் காற்றைப் பற்றி யாரும் முன்னால் சொல்லவில்லை. பகலெல்லாம் ஊளையிடுகிறது. பால்கனியில் சட்டி சூடேற மாட்டேன் என்கிறது. குடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் குடையோடு சண்டை போடுகிறார்கள்.

அவர் இப்போது காலையில் என்னோடு சேர்ந்தே பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். “சும்மா காலாற நடந்துட்டு வர்றேன்” என்பார். வேலைக்கு விண்ணப்பம் போடுவதை நிறுத்திவிட்டார். சீனம் தெரிய வேண்டும் என்கிறார்கள்.

இன்றைக்கு நூலகத்துக்குப் போனேன். ஜன்னல் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் என் எம்.எஸ்ஸி. புத்தகம். பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். பக்கம் முடிந்ததும் அளவுகோல் வைத்து அடியில் கோடு போட்டார். தலையைச் சாய்த்து அந்தக் கோட்டைப் பார்த்தார். சுற்றி எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். ஒரு பையன் ஏதோ கேட்க, இவர் தன் பேனாவைக் கொடுத்தார்.

என்னைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். நான் என்ன சொல்வேன் என்றும் யோசித்தேன். எடுக்க வந்த புத்தகத்தை எடுக்காமல் படிக்கட்டு வழியாக இறங்கிவிட்டேன்.

சாப்பிடும்போது, “இன்னைக்கு எங்க போனீங்க?” என்றேன்.

“மார்க்கெட்டுக்கு.”

சாம்பாரில் முள்ளங்கி இருந்தது. மார்க்கெட்டுக்கும் போயிருப்பார்.

ஜனவரி 18

தைபேயில் தமிழர்கள் பொங்கல் விழா வைத்தார்கள். ரயிலில் போனோம். யாரையும் தெரியாது. சர்க்கரைப் பொங்கலில் நெய் குறைவு. ஆனாலும் வாழை இலை போட்டிருந்தார்கள்.

கீழக்கரைப் பையன் ஒருவன், ஹாரூன், எங்கள் எதிரில் உட்கார்ந்தான். படிக்கப் புதிதாக வந்திருக்கிறான். “அண்ணே, நீங்க என்ன பண்றீங்க?” என்றான்.

“பேட்டரி ஆராய்ச்சி” என்றார் அவர். ஊரில் யாரும் போனில் இல்லை. கோட்டு இல்லை, மேசை இல்லை. ஆனாலும் சொன்னார். பொடி ஏன் வெள்ளையாக வர வேண்டும், உலையில் காற்று புகுந்தால் என்ன ஆகும், எல்லாவற்றையும் அப்பளத்தை உடைத்துக் காட்டிச் சொன்னார். எவ்வளவு அழகாகச் சொன்னார். எனக்கு அப்படிச் சொல்ல வந்ததே இல்லை. பக்கத்து இலைக்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள்.

பரிமாறிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னிடம், “நீ என்னம்மா பண்ற?” என்றார்.

“வீட்டுலதான் இருக்கேன்” என்றேன்.

அப்பளத்தை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

திரும்பும்போது ரயிலில் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, “நீ ஏன் அப்படிச் சொன்ன?” என்றார்.

“நீங்க சொன்னதுக்கு அதுதான பொருந்தும்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே அதுதான் பொருந்தியது.

பிப்ரவரி 8

அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. மதுரையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் படுக்கை என்கிறார்கள். இவர் ஒரே பிள்ளை.

போனில் மாமாவின் குரலே மாறிவிட்டது. “என்னால தனியா முடியலப்பா. மாரி வந்துரட்டும். அவ அங்க சும்மாத்தான இருக்கா. நீ படிப்பப் பாரு. நடுவுல விட்டுட்டு வந்து நின்னுராத.”

இவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். “சரிப்பா” என்றார்.

பிறகு கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்துப்போய் மறுபடி கழுவினார்.

“மூணு மாசந்தான. லின் சார்ட்ட லீவு கேட்டுப் பாரேன்” என்றார், முதுகைக் காட்டிக்கொண்டே.

“மார்ச்சுல பரீட்சை.”

“தெரியும் மாரி. கேட்டுத்தான் பாரேன்னேன்.”

தெரியாமல் என்ன. தகுதித் தேர்வுக்கு எந்த நாளில் எதைப் படிக்க வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டியவரே அவர்தான். முதல் ஆண்டிலேயே அதை எழுதி, பேராசிரியர்கள் முன்னால் நின்று பதிலும் சொல்லியாக வேண்டும். எழுதாவிட்டால் இடம் போய்விடும்.

பிப்ரவரி 13

அப்பா கூப்பிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பேசினார்.

“சாப்பிட்டியா தாயி? இங்க அம்மாதான் கூட இருக்கா. தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டா. குளிக்க வைக்கிறது, துணி மாத்துறது எல்லாம் அவதான்.”

“அத்தை எப்படி இருக்காங்க?”

“வலி இருக்கும்ல. பாக்க வர்றவுக எல்லாம் ‘மருமக எங்க’ன்னு கேக்காக. அதுக்கு ஒங்கத்தை, ‘எம்பிள்ளை அங்க ராப்பகலாப் படிக்கிறான், அவ ஏசிக்குள்ள உக்காந்துக்கிட்டு இன்னும் வரல’ன்னு சொல்றாக.”

“அம்மா இருக்கும்போதா?”

“அம்மா அங்கனதான் நின்னா.”

“அம்மா என்ன சொல்லுச்சு?”

“அவ என்னத்தச் சொல்லுவா. தலகாணிய மாத்திப் போட்டா.”

பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள்.

“நான் சொல்லட்டுமா தாயி? ஒரே வார்த்தை. நீ சரின்னாச் சொல்லிர்றேன்.”

“வேண்டாம்ப்பா. அவருக்கு அசிங்கமாப் போயிரும்.”

“சரி. நான் வாயத் தொறக்கல.”

பிப்ரவரி 17

இங்கே சீனப் புத்தாண்டு. எல்லாக் கடையும் அடைப்பு. அவர் பிரெட் சுட்டார். இரண்டு பேரும் சுவரில் ஒட்டிய தாளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் தட்டுகளை வைத்த இடம் அப்படி, வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 24

விடுமுறை முடிந்ததும் லின் சாரிடம் கேட்டேன். வாசலில் நின்றே கேட்டேன். அவர் உட்காரச் சொன்னார்.

தேர்வைத் தள்ளிப்போட விதியில் இடமில்லை என்றார். மூன்று வாரம் இருக்கிறது, நன்றாகத் தயாராகியிருக்கிறாய் என்றார். பிறகு மெதுவாக, உன் கணவர் இங்கே வேலை பார்க்கிறாரா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

படிக்கிறாரா?

இல்லை என்றேன்.

அடுத்த கேள்வி அவர் முகத்தில் வந்து நின்றது. கேட்கவில்லை. மரியாதை தெரிந்த மனிதர். தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

வெளியே வந்து நடந்தபோதுதான் உறைத்தது. வந்ததிலிருந்து அந்த ‘இல்லை’யை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மார்ச் 1

அவர் டிக்கெட் போட லேப்டாப்பைத் திறந்தார்.

“லீவு தர மாட்டேன்னுட்டாரு” என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். இன்றைக்கு மாமா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

“ஒன் பாஸ்போர்ட்ட எடு.”

அலமாரியில் இரண்டும் ஒரே உறையில் இருக்கின்றன. எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்தார்.

“இது என்னோடது.”

“ஆமாங்க.”

அவர் தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். குளிர்தான்.

“அம்மாவ நான் எப்படி மாரி... குளிக்க வைக்கிறது, அதெல்லாம்...”

“அதுக்கு எங்கம்மா இருக்கு. தூக்கி உக்கார வைக்க ஆள் வேணும். மதுரைக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும். அது நீங்கதான செய்யணும்.”

“நான் போயி நின்னா ஊர்ல என்ன பேசுவாய்ங்க தெரியுமா? படிக்க முடியாம ஓடி வந்துட்டான்ம்பாய்ங்க.”

அவர் எழுந்து பால்கனி வரை போய்விட்டு வந்தார். வரும்போது முகம் தெளிந்திருந்தது.

“லீவு. எனக்கு லீவு குடுத்துட்டாகன்னு சொல்றேன். அங்க இருந்தே படிக்கலாம்னுட்டாகன்னு சொல்லிக்கலாம். நீயும் பரீட்சை எழுதிரலாம். எப்படி?”

உடனே மாமாவைக் கூப்பிட்டார். “எப்படியோ பேசி லீவு வாங்கிட்டான் பாரு, எம்மகன்!” என்று மாமா பக்கத்தில் யாரிடமோ சொல்வது இங்கே கேட்டது. இவர் சிரித்தார். பல நாள் கழித்துச் சிரிக்கிறார்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இதற்கு மேல் கேட்பது பேராசை. இன்றைக்காவது நன்றாகத் தூங்க வேண்டும்.

மார்ச் 2

தூங்கவில்லை.

மார்ச் 3

அவர் பெட்டி கட்டுகிறார். ரசப்பொடி எந்த டப்பா, மல்லித்தூள் எந்த டப்பா என்று எனக்குக் காட்டினார். குழம்பு செய்து சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு ஃப்ரீசரில் அடுக்கியிருக்கிறார். தேர்வு முடியும் வரை நான் அடுப்புப் பக்கம் போக வேண்டாமாம்.

அத்தை படுக்கையிலிருந்தே பேசினார். குரல் மெலிந்திருந்தது. “என்னால எம்பிள்ளை படிப்புக் கெடுதே” என்று அழுதார். பிறகு, “அவன் இங்க வந்துட்டா ஒனக்கு அங்க என்ன வேலை மாரி? நீயும் வர வேண்டியதுதான?” என்றார்.

அவர் போனை வாங்கிக்கொண்டார். “வீட்டப் பாத்துக்கிற ஆள் வேணும்மா. பூட்டிப் போட்டா ஓனர் வேற ஆளுக்கு விட்டுருவான்.”

ஆக, நான் இங்கே வீட்டுக்குக் காவல் இருக்கிறேன்.

போனில் பின்னால் அம்மா தெரிந்தாள். அத்தையின் காலடியில் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மார்ச் 5

மத்தியானம் அவரை விமான நிலையப் பேருந்தில் ஏற்றிவிடப் போனேன். காற்று. அவர் ஒரு கையில் பெட்டியைப் பிடித்திருந்தார். இன்னொரு கையால் என் சால்வையை இழுத்துக் காதை மூடிவிட்டார்.

“பரீட்சையில மெதுவாப் பேசாத. ஒலையப் பத்திக் கண்டிப்பாக் கேப்பாக. அது வரைக்கும் காத்துருக்காம நீயே ஆரம்பிச்சுரு.”

“சரிங்க.”

“அது ஒன் கண்டுபிடிப்புன்னே சொல்லு. என்னையச் சொல்ல வேண்டாம்.”

“சொல்லுவேன். எங்க வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சாருன்னு.”

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். பேருந்து வந்துவிட்டது. டிரைவர் இறங்கிப் பெட்டியை வாங்கி அடியில் வைத்தார். இவர் படியில் ஏறி நின்று திரும்பினார். கண் சிவந்திருந்தது. காற்றாலும் இருக்கலாம்.

டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். இவர் கையை அசைத்து, போ, குளிருது, போ என்றார். நான் போகவில்லை. படிக்குப் பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்:

“ஏங்க, நேரா அத்தைட்டப் போங்க. பக்கத்துல எங்கம்மா நிக்கும். எங்கம்மா நிக்கும்போதே சொல்லுங்க. ‘நான் லீவுல வரலம்மா, அங்க படிக்கிறது மாரிதான்’னு ஒங்க வாயாலயே சொல்லுங்க. எங்கம்மா காதுல விழுற மாதிரிச் சொல்லுங்க.”